மகளின் பொறியியல் படிப்புக்குக் கல்வி உதவி: எதை முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழை எப்போது வாங்குவது?

கேள்வி: முக்கூடல் தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு கிராமம். நான் கல்லிடைக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். மனைவி வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். சென்ற ஆண்டு ஏப்ரலில் வாங்கிய வருமானச் சான்றிதழில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய் என்று இருக்கிறது. நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கங்கைகொண்டானில் ஒப்பந்த வேலைக்குப் போய்வருகிறான்.

மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 531 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பொறியியல் கட் ஆஃப் 174.5 வருகிறது. எங்கள் குடும்பத்தில் என் தாத்தா காலத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த பட்டதாரி எவரும் இல்லை. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளியிலும், எல்லா வகுப்பையும் தமிழ்வழியிலேயே படித்தாள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் கட்டணமே கிடையாது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். வேறு சிலரோ, வங்கிக் கடன் வாங்கினால்தான் ஆகும் என்கிறார்கள். இதற்கிடையில், மேற்கு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி ஒருவர் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் அசலாகக் கொடுத்து 10,000 ரூபாய் கட்டினால், நான்கு ஆண்டுகளும் உதவித்தொகையிலேயே படிக்க வைப்பதாகச் சொல்கிறார்.

முன்பு ஒரு முறை பட்டிருக்கிறேன். மகனுக்கு வரவேண்டிய உதவித்தொகை ஓராண்டு வரவேயில்லை. கல்லூரியில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள், வங்கியில் கேட்டால் வரவில்லை என்றார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவன் ஏழாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த பழைய கணக்கில் பணம் போய் விழுந்து கிடக்கிறது என்று. அந்தப் பாஸ் புத்தகமே எங்களிடம் இல்லை. ஆகவே இந்த முறை தொடக்கத்திலேயே சரியாகச் செய்ய விரும்புகிறேன். எந்த உதவியை முதலில் கேட்க வேண்டும், எந்தச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைக்க வேண்டும், டிப்ளமோ படித்த அண்ணன் இருப்பதால், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குரிய முதல் பட்டதாரிச் சலுகை போய்விடுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பாளை அலுவலகத்தார்

தம்பிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் எல்லாமே நிற்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மகள் ஆறு முதல் எட்டு வரை படித்த 'ஊருக்கு அருகிலுள்ள பள்ளி' அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா? நம் திருநெல்வேலிச் சீமையில் இந்த மயக்கம் மிக அதிகம். மிஷன் பள்ளிகளும், ஊர்ப் பெரியவர்களும் சங்கங்களும் நூறாண்டுக்கு முன்பே தொடங்கிய பள்ளிகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. பாடநூலும் சீருடையும் சத்துணவும் இலவசமாக வருகின்றன. ஆகவே பெற்றோர் அதை அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறார்கள். நிர்வாகம் தனியாரிடம் இருந்தால் அது அரசு உதவி பெறும் பள்ளிதான். தலைமை ஆசிரியரிடம் ஒரு நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற இணையப் பதிவிலும் மகள் எந்த ஆண்டு எந்த வகைப் பள்ளியில் படித்தாள் என்பது இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், கட்டணமே கிடையாது என்று ஊரில் சொல்வது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத்தான். மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் உதவி பெறும் பள்ளியில் மூன்றாண்டு படித்திருந்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் தவறாக 'ஆம்' என்று போட்டுவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது அரசுப் பள்ளி என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் பிடியுங்கள்.

உதவி பெறும் பள்ளி என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதந்தோறும் பணம் தரும் புதுமைப்பெண் திட்டத்தின் கதை வேறு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது அது அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மட்டுமே இருந்தது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டு, அந்த விரிவாக்கம் 2024 டிசம்பர் 30 அன்று நம் பக்கத்துத் தூத்துக்குடியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடியும் வரை மகளின் கணக்கில் நேராக வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதற்குத் தடையில்லை. நீங்கள் இதற்காக எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம்; கல்லூரியில் சேர்ந்தபின் அங்குள்ள பொறுப்பு ஆசிரியர் வழியாகப் பதிவாகும். இதே போன்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் வந்தது. பையன்களைப் படிக்க வைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி. உங்கள் மகன் டிப்ளமோதான் முடித்திருக்கிறான். டிப்ளமோ பட்டம் ஆகாது. ஆகவே சலுகை போகவில்லை. ஆனால் இதில் பெற்றோரையும் உடன்பிறந்தவரையும் மட்டுமல்லாமல் தாத்தா, பாட்டியையும் கணக்கில் எடுப்பார்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இது கிடைக்கும். உங்கள் மகன் நாளைக்கு நேரடி இரண்டாம் ஆண்டில் பொறியியல் சேர எண்ணியிருந்தால், இந்தச் சலுகையை யார் பெறுவது என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கலந்தாய்வு வழியே சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொள்ளும். கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒரு ரூபாயும் கிடையாது. உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறவர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

சான்றிதழ்களைப் பற்றி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோர் பார்த்தபின் சேரன்மகாதேவி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். சாதிச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். வருமானச் சான்றிதழுக்கு ஓராண்டுதான். நீங்கள் சென்ற ஆண்டு ஏப்ரலில் வாங்கியது காலாவதியாகிவிட்டது. நாளையே புதிதாக விண்ணப்பியுங்கள். தேர்வு முடிவு வந்த பின் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும்.

மகனுக்கு நேர்ந்ததற்குக் காரணம் கல்லூரியும் அல்ல, நீங்களும் அல்ல. அரசுப் பணம் இப்போது கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கைத் தேடிப் போகிறது. விண்ணப்பத்தில் வேறு கணக்கை எழுதியிருந்தாலும் இதுதான் நடக்கும். மகளை அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்று, அவள் பெயரில் நடப்பிலுள்ள கணக்கு ஒன்றில் ஆதாரை இணைக்க எழுத்தால் கேளுங்கள். 'ஆதார் கொடுத்தாயிற்று' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். நகல் கொடுப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைப்பது வேறு. இணைத்துவிட்டதை ஆதார் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிள்ளைகள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் சேர்ந்தால், அதே வருமான வரம்புக்குள் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மாநில அரசு கொடுக்கிறது. இதைக் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு.

மறுமொழி 2: கடையத்துப் பெண்

அண்ணாச்சி, மதினி பீடி சுற்றுகிறார் என்று எழுதிவிட்டு அதற்குரிய உதவியைக் கேட்காமலே விட்டுவிட்டீர்களே. பெரியவர் எழுதியதிலும் அது இல்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் அம்மாவும் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். இலையை நனைத்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்குமேல் தெரு விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் இலை வெட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பாடம் படித்திருக்கிறேன்.

மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தொழிலாளர் நல அமைப்பு, பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு 6,000 ரூபாய். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் என்ற இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் குறைந்தது ஆறு மாதமாவது பீடித் தொழிலாளியாக இருந்திருக்க வேண்டும். பிள்ளை கடைசித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். வருமான வரம்பும் உண்டு, உங்கள் சான்றிதழில் உள்ள தொகைக்கு அது தடையாக இராது என்றே நினைக்கிறேன். பாலிடெக்னிக் படிப்புக்கும் இது உண்டு என்பதால் உங்கள் மகனுக்கும் கிடைத்திருக்கும். அது போகட்டும்.

இதில் கழுத்தறுக்கும் இடம் பெயர்தான். என் அம்மாவின் பெயர், சுற்றிக் கொடுக்கும் பீடிக்குக் கணக்கு எழுதும் பீடிக்கடைப் பாஸ் புத்தகத்தில் 'முத்துலெட்சுமி' என்றும், ஆதாரில் 'முத்துலட்சுமி' என்றும், என் பள்ளிச் சான்றிதழில் 'மு. லெட்சுமி' என்றும் இருந்தது. நம் பக்கம் லெட்சுமி என்று எழுதுவது வழக்கம்; ஆதார் எடுக்க வந்த பையனுக்கு அது தெரியவில்லை, அவன் திருத்தி எழுதிவிட்டான். ஒரு கொம்பு கூடிப்போனதற்காக என் முதலாண்டு விண்ணப்பம் 'விவரம் பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தது. அம்மா ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நான்கு முறை நடந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் சுற்று போயிற்று, வாரக் கடைசியில் கூலி குறைந்தது. இரண்டாம் ஆண்டில்தான் பணம் வந்தது. ஆகவே, இன்று இரவே டிரங்குப் பெட்டியைத் திறந்து, மதினியின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பாஸ் புத்தகம், பி.எஃப். சீட்டு, ஆதார், குடும்ப அட்டை, மகளின் மாற்றுச் சான்றிதழ் ஆகிய ஆறையும் தரையில் வரிசையாகப் பரப்பி, பெயரையும் இனிஷியலையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

அதே இணையதளத்தில் வேறு இரண்டும் இருக்கின்றன. மாநில வாரியத் தேர்வில் மேல் 20 விழுக்காட்டுக்குள் வந்த பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் தருவது ஒன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி என்ற திட்டம் மற்றொன்று. அக்குழுவின் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய். கேட்கும்போது நாக்கில் நீர் ஊறும். ஆனால் அது மதிப்பெண் வரிசையில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு மட்டுமே கிடைப்பது. வேறு உதவித்தொகை பெறுவோர் பெறக்கூடாது என்ற விதியும் அதற்கு உண்டு. இந்த மத்திய உதவித்தொகைகளில் ஓர் ஆண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். நானாக இருந்தால், போட்டி இல்லாத பீடித் தொழிலாளர் உதவித்தொகையைத்தான் முதலில் கைப்பற்றுவேன்.

விண்ணப்பித்ததோடு வேலை முடிவதில்லை. கல்லூரியில் அதற்குரிய பொறுப்பாளர் இணையத்தில் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் கடைசி நாளன்று அப்படியே செத்துப்போகும். விண்ணப்ப நகலைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை அலுவலகத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளை கூச்சப்படுவாள், நானும் கூச்சப்பட்டேன்.

அந்தத் தொலைபேசிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் சித்தி மகன் இதே போல் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் நல்ல இடம் வந்தபோது அவற்றைத் திரும்பப் பெற முடியாமல், கடைசியில் அந்தக் கல்லூரியிலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தான். உதவித்தொகை என்று அவர்கள் சொன்னது முதல் பருவக் கட்டணத்தில் கொடுத்த ஒரு கழிவு மட்டுமே. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. மகளின் சான்றிதழ் உங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம் அண்ணாச்சி.

மறுமொழி 3: வங்கியில் இருந்தவன்

மேலே இருவரும் எழுதியதைச் செய்து முடித்த பிறகும் குறைகிற தொகைக்கு மட்டும் கடனை எண்ணுங்கள். கல்விக் கடனைக் கொடுக்கும் இருக்கையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பிணையாகச் சொத்தோ, உங்கள் கைப்பணமாக முன்தொகையோ கேட்கக் கூடாது; பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் கீழ்ப் பிணையில்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டமும் உண்டு. ஆனால் அது தேசியத் தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே. உங்கள் மகளுக்குக் கிடைக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கலந்தாய்வு முடிந்தபின் பாருங்கள்.

'உங்கள் ஊர் எங்கள் கிளையின் எல்லைக்குள் வரவில்லை' என்று வங்கியில் சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். கிளை மேலாளர் தாமாக மறுக்கவும் முடியாது. மேலதிகாரியின் இசைவோடுதான் மறுக்க வேண்டும். நானே அந்தக் காலத்தில் மார்ச் மாத நெருக்கடியில் ஒரு பையனை 'ஜூன் மாதம் வா' என்று வாய்ச்சொல்லால் அனுப்பியிருக்கிறேன். அவன் திரும்ப வரவில்லை. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தால் என்னால் அப்படி அனுப்பியிருக்க முடியாது. ஆகவே கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஏற்பாடு செய்யும் கல்விக் கடன் முகாம்களில் எல்லா வங்கிகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பதால், அங்கே கொடுத்தாலும் விண்ணப்பம் காணாமல் போகாது.

வட்டியைப் பற்றித்தான் எவரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் வாங்குவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓர் ஆண்டுக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்து 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் 1,40,000 ரூபாய் வட்டி ஏறி நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தேசிய அளவில் தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், இந்த 1,40,000 ரூபாயையும் மத்திய அரசின் வட்டி மானியமே கட்டிவிடும். அதற்கு வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, மானியத்துக்கு விண்ணப்பித்ததாகக் கையெழுத்து வாங்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு மானியம் கேட்கப்படுவதில்லை. வேலைக்குப் போன பிறகு வந்து, ஏன் கடன் இவ்வளவு ஏறியது என்று சண்டை போடுவார்கள். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. உங்கள் மகளின் கட் ஆஃபுக்குத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் ஏதாவது ஒரு பிரிவு கிடைக்குமானால், கணினிப் பிரிவுதான் வேண்டும் என்று தொலைதூரச் சுயநிதிக் கல்லூரிக்குப் போவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். அங்கே கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், கடனே தேவைப்படாது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதியில் உணவும் தங்கலும் இலவசம். வீட்டிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது.

முக்கூடல் தகப்பன்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை பள்ளிக்குப் போய்க் கேட்டுவிட்டேன். பெரியவர் ஐயப்பட்டதுதான் சரி. ஆறு முதல் எட்டு வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளிதான். 7.5 விழுக்காடு எங்களுக்கு இல்லை. வீட்டில் சொன்னபோது மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவளே, அப்படியென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நாளைக்குப் போவோம் என்றாள். இன்று காலை இ-சேவை மையத்தில் அதற்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்தாயிற்று. தொலைபேசிக்காரருக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்ததில் வேறு ஒன்று வெளிப்பட்டது. என் மனைவி பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுற்றுவது என் தாயாரின் பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தில். திருமணமாகி வந்தபோது அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால், அந்த அட்டையிலேயே இவள் சுற்றத் தொடங்கினாள், பி.எஃப். பணமும் அம்மா பெயரில்தான் சேர்கிறது. இவள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பாட்டியின் அட்டையைக் காட்டிப் பேத்திக்குக் கேட்க முடியுமா?

கடையத்துப் பெண்:

முடியாது அண்ணாச்சி, பெற்றோரின் பெயரில்தான் இருக்க வேண்டும். பாட்டியைத் தாய் என்று காட்டி எவராவது எழுதித் தருவதாகச் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆதார் வழியே அது பிடிபட்டு, மற்ற உதவித்தொகைகளுக்கும் இடைஞ்சலாகும். எங்கள் தெருவிலும் பாதிப் பேர் இப்படித்தான் மாமியார் பெயரிலும் நாத்தனார் பெயரிலும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரருக்குப் பீடி வந்தால் போதும், யார் சுற்றினால் என்ன என்று இருந்துவிடுகிறார்.

மதினியைப் பீடிக்கடைக்கு அழைத்துப் போய், அவர் பெயரிலேயே புதுப் பாஸ் புத்தகமும் பி.எஃப். பதிவும் கேளுங்கள். இழுத்தடித்தால் தொழிற்சங்கத்தில் சொல்லுங்கள். இந்த வேலையை அவர்கள் செய்து கொடுப்பார்கள். அதை வைத்துத் தொழிலாளர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், லெட்சுமியோ லட்சுமியோ. இப்போது தொடங்கினால் ஆறு மாதம் கணக்குக்கு வந்துவிடும். இந்த ஆண்டு கைவிட்டுப் போனாலும் மகளுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இந்த ஓராண்டுக்கு மட்டும் மதிப்பெண் அடிப்படையிலான 12,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

முக்கூடல் தகப்பன்:

சனிக்கிழமை கடையில் வாரக் கணக்குப் பார்க்கும் நாள். அன்று அம்மாவையும் மனைவியையும் சேர்த்தே அழைத்துப் போகிறேன். அம்மாவின் கையெழுத்து வேண்டியிருக்கும். பாஸ் புத்தகத்தை விட்டுக்கொடுக்க முதலில் தயங்கினார்கள், பேத்திக்கு என்றதும் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.